கால் சென்ட் வித்தியாசம்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்

இன்று இரண்டு ரிப்பன் வெட்டு. காலையில் கண்ணாடிக் கடை, மதியம் பல் டாக்டர். கத்தரிக்கோலைச் சுமந்தது நான். வெட்டியது சபைத் தலைவர் எஸ்கமீயா. பக்கத்தில் நின்று சிரித்தது டைரக்டர் லொசானோ. பல் டாக்டர் பெரிய சந்தா கட்டியவர் என்பதால் அவருக்குக் கேக் உண்டு. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கைகுலுக்கல் மட்டும்.

ஸ்பானிஷ் பேசும் எங்கள் வியாபாரிகளுக்கான மிராசோல் ஹிஸ்பானிய வர்த்தக சபையில் எனக்கு இது பத்தொன்பதாவது வருஷம். என் மேஜைப் பலகையில் 'ஒதிலியா பாரியெந்தோஸ், உறுப்பினர் சேவை' என்று இருக்கும். சேவை என்றால் என்ன? நகராட்சி அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தைப் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வரும் தையல்காரிக்கு, 'இது அபராதம் இல்லம்மா, குப்பை வண்டி நேரம் மாறுதாம்' என்று சொல்வது. எல்லைப் பாலம் தாண்டி மெக்சிகோவுக்குச் சரக்கு அனுப்புகிறவருக்கு, அது இங்கே செய்த சரக்குதான் என்று சான்றிதழில் முத்திரை குத்துவது. லைசென்ஸ் பாரம், சுகாதாரப் பாரம், வரிப் பாரம் நிரப்பித் தருவது. இதெல்லாம் போட்டோவில் வராது.

ஒரு நல்ல சேதி. பள்ளிக்கூட நிர்வாகம் அடுத்த வருஷத்துக்கு ரொட்டி டெண்டர் விட்டிருக்கிறது. பதினோரு பள்ளிகள், நாளுக்கு ஆறாயிரம் பொலீயோ, கைக்கடக்கமான நீள ரொட்டி. எந்தச் சின்ன பேக்கரியும் தனியாக அவ்வளவு சுட முடியாது. அதனால்தான் எட்டு வருஷமாக எங்கள் தலைவர் எஸ்கமீயாவின் ரொட்டி ஆலையே போட்டியில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆறு பேக்கரி சேர்ந்தால்? சேர்ந்தால் ஏன் முடியாது?

பிப்ரவரி 14

பேக்கரி வைத்திருக்கும் எவுதேலியாவிடம் சொன்னேன். 'என்ன கொமாத்ரே, விளையாடுறீங்களா?' என்றாள். அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான், அதனால் எங்களுக்குள் கொமாத்ரே. அவள் அடுப்பை மூடவில்லை, கையைத் துடைக்கவில்லை. ஆனால் அரை மணி கழித்து அவளே போன் செய்து கேட்டாள்: 'ஆறாயிரம்னா ஆளுக்கு ஆயிரம்தானே?'

பிப்ரவரி 21, வியாழன்

ஆறு பேக்கரிக்காரர்களும் எவுதேலியா கடையின் பின்கட்டில் கூடினார்கள். மதியம் மூன்று மணி. ரொட்டிக்காரர்கள் ஊர் விழிக்கும்முன் விழித்து, ஊர் சாப்பிட்டு முடித்தபின்தான் உட்காருகிறவர்கள். இரண்டு பேர் நாற்காலியிலேயே கண் அயர்ந்தார்கள்.

மூத்தவர் தாச்சோ ஒல்வேரா, மரியாதையாக 'தோன்' தாச்சோ. எழுபத்திரண்டு வயசு, நாக்கு மட்டும் இருபது. 'ஆறு ரொட்டிக்காரன் ஒண்ணா சேந்தா ரொட்டி வராது பொண்ணே, கொலைதான் விழும்' என்றார். ஆனாலும் போகவில்லை. இரண்டு மணி நேரம் சண்டை. யாருடைய மாவு, யாருடைய வண்டி, யாருடைய அளவு. கடைசியில் ஒரு ரொட்டிக்கு இருபத்தொன்றரை சென்ட் என்று முடிந்தது. போன வருஷம் எஸ்கமீயா வாங்கியது இருபத்தேழு.

விலையை வெளியே சொல்வதில்லை என்று தோன் தாச்சோ எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தார். 'பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லக் கூடாது. குறிப்பா பொண்டாட்டிகிட்ட.' டெண்டரை ஆங்கிலத்தில் எழுதப்போவது நான்.

சபை இதற்குத்தானே இருக்கிறது. இன்று வேலைக்குப் போனதுபோல் இருந்தது.

மார்ச் 4, திங்கள்

சபையின் ஆதரவுக் கடிதம் வேண்டும். லொசானோ, 'ஃபைலைக் கொடுங்க ஒதிலியா, படிச்சுப் பார்த்துட்டு எழுதித் தர்றேன்' என்றார். கொடுத்தேன். சாயங்காலம் கடிதத்தோடு திரும்பி வந்தது. அழகான கடிதம். 'நமது சமூகத்தின் சிறு தொழில்முனைவோர்' என்று மூன்று இடத்தில் வருகிறது.

மார்ச் 6, சாம்பல் புதன்

டெண்டர் கொடுத்தாயிற்று. வாங்கி முத்திரை குத்தியவள் நெற்றியிலும் சாம்பல், என் நெற்றியிலும் சாம்பல்.

மார்ச் 20, புதன்

தோற்றோம்.

உறைகளைப் பிரித்து வாசித்தார்கள். நாங்கள் 21.50. எஸ்கமீயா 21.25.

கால் சென்ட். எட்டு வருஷமாக இருபத்தைந்துக்குக் கீழே இறங்காத மனிதர், எங்களைவிடச் சரியாகக் கால் சென்ட் கீழே. இருபத்திரண்டு போட்டிருக்கலாம், இருபது போட்டிருக்கலாம். 21.25.

வெளியே வந்தோம். எவுதேலியா வண்டியில் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டாள். கழற்றினாள். மறுபடி போட்டாள்.

மார்ச் 21, வியாழன்

தோன் தாச்சோ கடைக்கு வரச் சொன்னார். வாடிக்கையாளர் இரண்டு பேர் நிற்கும்போதே கேட்டார்.

'விலை ஏழு பேருக்குத் தெரியும். ஆறு பேரு ரொட்டிக்காரங்க. ஏழாவது யாரு?'

'நான்தான் தோன் தாச்சோ.'

'உனக்குச் சம்பளம் யாரு தர்றா?'

'சபை தருது.'

'சபைக்குத் தலைவர் யாரு?'

அங்கே எவுதேலியாவும் இருந்தாள். தட்டில் இருந்த இனிப்பு ரொட்டிகளை ஒவ்வொன்றாக நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நேராக இருந்ததையே திரும்பவும் நேராக்கினாள். தாச்சோ கேட்டது எரிந்தது. அவள் பேசாதது — அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

மார்ச் 23, சனி

தூங்கவில்லை, சாப்பிடவில்லை. நானா? நானா வித்தேன்? அந்த டெண்டரை எழுத ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். எனக்கு ஒரு ரொட்டி கூடக் கிடைக்கப் போறதில்ல. பத்தொன்பது வருஷமா இந்த ஊருல எந்தக் கடைக்காரன் ரகசியத்த நான் வெளிய சொல்லியிருக்கேன்? யாரு வரி கட்டல, யாரு கடைய விக்கப் பாக்குறாங்க, யாரு புருஷன் கல்லாவுல கை வைக்கிறான் — எல்லாம் எனக்குத் தெரியும். சொன்னேனா?

என் கணவர் பெர்தோ காப்பி கொண்டுவந்து வைத்தார். பிறகு வாசல்படியில் நின்று சொன்னார்: 'ஃபைல் உன் கையை விட்டு எங்கேயாவது போச்சா?'

அவர் முப்பது வருஷம் பாலத்தில் சுங்கச் சாவடியில் வேலை பார்த்தவர். பெட்டி எங்கே திறக்கப்பட்டது என்பதைத்தான் அவர் மூளை முதலில் தேடும்.

போச்சு. மார்ச் 4. ஒரு நாள் முழுக்க.

ஏப்ரல் 2, செவ்வாய்

லொசானோ பத்து நாளாக ஊரில் இல்லை. மான்டெரேவுக்கு வர்த்தகக் குழு கூட்டிப்போயிருந்தார். இன்று வந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மறுப்பார், கோபப்படுவார், யார் சொன்னது என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். பதிலுக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் மறுக்கவே இல்லை.

'ஆமா, தலைவர்கிட்ட காட்டினேன். சபை லெட்டர்பேடில் போற எதையும் தலைவர் பார்க்கலாமே.'

'அவரும் அதே டெண்டரில் போட்டி போடுறார், சார்.'

'ஒதிலியா, அவரும் மெம்பர்தான். நாம எல்லா மெம்பருக்கும் சேவை செய்யணும். ஒரு மெம்பருக்காக இன்னொரு மெம்பரை எப்படி விட முடியும்?'

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மெதுவாக, ஏதோ எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. தப்பு செய்ததை மறைக்கிறவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. தான் செய்தது தப்பு என்றே இந்த ஆளுக்குத் தோன்றவில்லை.

வெளியே வரும்போது கேட்டார்: 'ஆண்டு விருந்துக்கு மேஜை எத்தனை வித்திருக்கு?'

ஏப்ரல் 3

இந்தச் சபை ஏன் வந்தது? நான் சேர்ந்த வருஷம் ஒரு பெரியவர் சொன்னார், சபையைத் தொடங்கிய ஒன்பது பேரில் கடைசியாக உயிரோடு இருந்தவர். அப்போது ஊரில் இருந்த வெள்ளைக்காரர்களின் வர்த்தக சபையில் எங்களைச் சேர்க்கமாட்டார்கள். விதியில் அப்படி எழுதவில்லை. விண்ணப்பம் கொடுத்தால் 'பரிசீலிக்கிறோம்' என்பார்களாம், பதினாலு வருஷம் பரிசீலித்தார்களாம். ஒரு முடிதிருத்துகிறவர், ஒரு பிணப்பெட்டிக்காரர், இரண்டு மளிகைக்கடை, மெக்கானிக்குகள். ஒருத்தன் கதவை ஒருத்தன் திறந்துவிடத்தான் கூடினார்கள்.

அந்தக் கதவை இப்போது யார் உள்ளிருந்து பூட்டுகிறார்கள்? நம்ம ஆட்கள். நம்ம பெயர், நம்ம பாஷை, நம்ம கொடி வைத்த மேடை.

ஏப்ரல் 5, வெள்ளி

சபை விதிகள் பதினோரு பக்கம். ஆங்கிலத்தில் மட்டும். மெம்பர்களில் பாதிப்பேர் ஸ்பானிஷில்தான் படிப்பார்கள். நாற்பது வருஷத்தில் ஒருவருக்கும் இதை மொழிபெயர்க்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏழாவது விதி: பத்தில் ஒரு பங்கு மெம்பர்கள் கையெழுத்துப் போட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு மெம்பர்கள். இருபத்திரண்டு கையெழுத்து.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

எவுதேலியாவிடம் போனேன். சாமான் இறக்குகிற கதவு வழியாக. லொசானோ சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல். அவள் மாவைத் தட்டுவதை நிறுத்தினாள்.

'அவன் வாயாலேயே சொன்னானா?'

'சொன்னார். சிரிச்சுக்கிட்டே.'

விரலில் ஒட்டிய மாவை உரசி எடுத்தாள். 'கொமாத்ரே, அன்னிக்கு நான் பேசியிருக்கணும்.'

'ஆமா, பேசியிருக்கணும்' என்றேன். பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. பரவாயில்லாத விஷயம் அது.

அவள் தலையாட்டினாள். நோன்பு நாளுக்குச் செய்கிற ரொட்டி இனிப்பை ஒரு கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன். அதற்குப்பின் பட்டியல் போட்டோம், யாரிடம் முதலில் போவது என்று.

தோன் தாச்சோவுக்கு அவள்தான் போன் செய்தாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. 'அப்ப எட்டாவது ஆளும் ஒம்பதாவது ஆளும் இருந்தானுங்களா. எனக்கு எண்ணத் தெரியாமப் போச்சு' என்றாராம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பதினேழு கையெழுத்து.

அலுவலகம் முடிந்த பிறகும் மதிய இடைவேளையிலும்தான் போகிறேன். மெத்தை தைக்கிறவர், டயர் கடை, இரண்டு அழகு நிலையம், பிணப்பெட்டிக்காரரின் பேத்தி, கல்யாண உடைக்காரி. டயர் கடைக்காரர் விதிகளின் ஸ்பானிஷ் படியை நின்றபடியே முழுக்கப் படித்தார். கிரீஸ் விரலால் ஏழாவது விதியைத் தொட்டு, 'இது எப்பவும் இருந்துச்சா?' என்றார்.

'எப்பவும் இருந்துச்சு.'

'பன்னெண்டு வருஷமா சந்தா கட்டுறேன். எனக்குக் கிடைச்சது ஒரு காலண்டர்.'

முட்டை மொத்த வியாபாரி மட்டும் கையெழுத்துப் போடவில்லை. எஸ்கமீயா ஆலைதான் அவரிடம் பாதி முட்டை வாங்குகிறது. 'எனக்கு நாலு புள்ளைங்க, ஒதிலியா' என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. கடைசிவரை கடைக்கு வெளியே வந்து நின்று வழியனுப்பினார். பாவம், அவரை அந்த இடத்தில் நிறுத்தியது யாரோ.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கும் அம்மா சிலுவைப்பாதை முடிந்து கோவில் வாசலிலேயே கையெழுத்துப் போட்டாள். முப்பத்தொன்று.

ஏப்ரல் 24, புதன்

முப்பத்து நாலு கையெழுத்தோடு மனுவை லொசானோ மேஜையில் வைத்தேன். அவர் பெயர்களைப் படித்தார். பெயர்களைத்தான் முதலில் படித்தார், கோரிக்கையை அல்ல.

'இதை யார் தயார் செஞ்சது?'

'மெம்பர்கள் கேட்டாங்க. நான் சேவை செஞ்சேன்.'

அப்போதுதான் அவர் சிரிப்பு முதல்முறை நின்றது. பதினோரு மணிக்கு ஒரு காகிதம் வந்தது. அலுவலக ஆவணங்களை வெளியாட்களுக்குக் கொடுத்ததால் பணிநீக்கம். நான் கொடுத்தது சபையின் விதிகள், சபையின் மெம்பர்களுக்கு. அவர்கள் வெளியாட்களாம். என் டிராயரைக் காலிசெய்ய இருபது நிமிஷம் தந்தார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி கூடப் பெரிதாக இருந்தது.

அழவில்லை. வண்டியை எடுக்க மூன்று முறை சாவி திருப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மே 9, வியாழன்

கூட்டம். விவரமாக எழுதுகிறேன். நாளைக்கு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள்.

மாலை ஆறு மணிக்குச் சபைக் கூடம் நிறைந்திருந்தது. நூற்றுக்கு மேல் இருக்கும். ஆண்டு விருந்துக்குக் கூட இப்படி வந்ததில்லை. கதவில் லொசானோவே நின்றார்.

'மன்னிக்கணும் ஒதிலியா. நீங்க மெம்பர் இல்லை. இப்ப ஊழியரும் இல்லை.'

உண்மைதான். இத்தனை வருஷம் மற்றவர்களைச் சேர்த்த எனக்கு அந்த வீட்டில் ஒரு இடம் கிடையாது. அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. என் பின்னால் வந்த எவுதேலியா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

'நாலாவது விதி. ஒரு மெம்பர் கடைக்கு ரெண்டு பிரதிநிதி. என் பேக்கரிக்கு முதல் ஆள் நான். ரெண்டாவது ஆள் இவங்க. நேத்து பதிவுத் தபாலில் அனுப்பியாச்சு, உங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க.'

நான் மொழிபெயர்த்த படியை அவள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாள். எனக்கே அந்த யோசனை வரவில்லை.

துணைத் தலைவர் கூட்டத்தை நடத்தினார். முதலில் எஸ்கமீயா பேசினார். ஆங்கிலத்தில். நாம் ஒரே குடும்பம், குடும்ப விஷயத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, வெளியாட்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். நல்ல குரல் அவருக்கு. சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

எவுதேலியா எழுந்து ஸ்பானிஷில் ஆரம்பித்தாள். சபை நடவடிக்கை ஆங்கிலத்தில்தான் என்று துணைத் தலைவர் தடுத்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, 'பேரு மட்டும்தான் ஹிஸ்பானியமா?' என்றார்கள். சிரிப்பு. எவுதேலியா சிரிக்கவில்லை.

'சரி. நான் சொல்றேன், என் ரெண்டாவது ஆள் ஆங்கிலத்தில் சொல்வாங்க.'

அப்படித்தான் நடந்தது. அவள் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். 'எங்கள் விலையை வெளியே சொன்னது ஒதிலியா பாரியெந்தோஸ் என்று நாங்கள் நினைத்தோம். அது பொய். அவரை நாங்கள் அவமானப்படுத்தினோம்.' இதை அவள் சொன்னாள். நான் ஆங்கிலத்தில், என் வாயால், என்னைப் பற்றிச் சொன்னேன். குரல் உடைந்தது. திரும்பச் சொன்னேன், சரியாக.

பிறகு எஸ்கமீயாவிடம் அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். இருபத்தேழு எப்படி ஒரே வருஷத்தில் இருபத்தொன்றே காலாச்சு?

'மாவு விலை இறங்கியிருக்கு' என்றார் அவர்.

கூடத்தின் நடுவிலிருந்து தோன் தாச்சோ எழுந்தார். எழுவதற்கே நேரம் பிடித்தது. எஸ்கமீயாவைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். 'லியாந்திரோ, ஒனக்கும் எனக்கும் ஒரே மில்லுதான் மாவு போடுது. போன மாசம் விலை ஏறுச்சு. ஒனக்கு மட்டும் இறங்குச்சுன்னா அந்த மில்லுக்காரன நான் பாக்கணும்.'

துணைத் தலைவர் வேறு வழியில்லாமல் லொசானோவைக் கேட்டார்: ஆறு பேரின் டெண்டரை யாருக்காவது காட்டினீர்களா?

லொசானோ எழுந்தார். என்னிடம் சொன்னதையே, அதே குரலில், அதே பொறுமையோடு சொன்னார். 'தலைவரிடம் காட்டினேன். அவரும் மெம்பர்தான்.'

நூற்றுச்சொச்சம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் அது ஒரு சத்தம். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. தான் எங்கே தவறினோம் என்று தேடினார். கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு தீர்மானம். நடந்ததைப் பள்ளி நிர்வாகத்துக்குச் சபை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: 71க்கு 46. நிறைவேறியது. தலைவரை நீக்க வேண்டும்: 69க்கு 48. மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். நிறைவேறவில்லை.

அதாவது அவர் செய்தது தப்பு என்று சபை ஊருக்கே எழுதிக் கொடுக்கும். அந்தக் கடிதத்தில் தலைவர் என்று கையெழுத்துப் போடுவதும் அவரே.

மே 10, வெள்ளி

மெக்சிகோ கணக்கில் இன்று அன்னையர் தினம். பேக்கரிகளில் நிற்க இடமில்லை. எவுதேலியா கடையில் கேக் பெட்டி கட்டினேன், வேலை இல்லாதவள்தானே. தோன் தாச்சோ ஒரு கேக் அனுப்பியிருந்தார், என் பெயரைத் தப்பாக எழுதி. அதுதான் மன்னிப்பு போலிருக்கிறது. எனக்குப் போதவில்லை. கேக் நன்றாக இருந்தது.

மே 28, செவ்வாய்

பள்ளி நிர்வாகம் எல்லா டெண்டரையும் ரத்து செய்துவிட்டது. ஜூலையில் புதிதாகக் கேட்பார்கள்.

சந்தோஷப்பட உட்கார்ந்தேன். பெர்தோ செய்தித்தாளைக் காட்டினார். என் வேலைக்கு ஆள் தேவை என்று சபை விளம்பரம் கொடுத்திருக்கிறது. 'ஸ்பானிஷ் அவசியம். சமூகத்தின்மேல் பற்று அவசியம்.' பற்று. படித்துவிட்டு அந்தப் பக்கத்தில் வெங்காயம் உரித்தேன்.

ஜூன் 13, வியாழன்

ஆறு ஐந்தாகிவிட்டது. ஒருவர் பயந்து விலகிக்கொண்டார். ஐந்து பேர் ஆயிரத்து இருநூறு வீதம் சுட வேண்டும். இந்தத் தடவை சபை கிடையாது. சபை இல்லாமல் ஐந்து பேரும் ஒரு கூட்டுறவாகப் பதிய வேண்டும், காப்பீடு வேண்டும், உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். நான் பத்தொன்பது வருஷம் பாரம் நிரப்பியவள், எனக்கே மூச்சு முட்டியது.

நானும் எவுதேலியாவும் லாஸ் கன்யாஸ் போனோம், நாற்பது மைல். அங்கேயும் ஒரு ஹிஸ்பானிய வர்த்தக சபை. துணி வெளுக்கும் கடையின் பாதியில் அலுவலகம், சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் அதிர்கின்றன. நடத்துகிறவள் ஃபெர்மினா கஸாரெஸ், என்னைவிடப் பத்து வயசு சின்னவள். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டேன். 'இருக்கு, பார்சல் பிரிக்க' என்றாள்.

போனிலேயே காப்பீட்டு முகவரைப் பிடித்தாள். ஸ்பானிஷில் உணவுப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற ஆசிரியையை அழைத்தாள். பதிவுப் பாரங்களை என்னோடு உட்கார்ந்து நிரப்பினாள். நாங்கள் அவள் ஊர்க்காரர்கள்கூட இல்லை. சந்தா எவ்வளவு என்று எவுதேலியா கேட்டதற்கு, 'மொதல்ல ரொட்டி விக்கட்டும் அக்கா. சந்தா எங்க போயிடப் போவுது' என்றாள்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது. ஒரு போன், ஒரு பாரம், ஒரு நாற்காலி. இதைச் செய்யத்தானே எங்கள் சபைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சந்தா கட்டுகிறார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

உணவுப் பாதுகாப்பு வகுப்பு. தோன் தாச்சோ ஐம்பத்தைந்து வருஷம் ரொட்டி சுட்டவர், கை கழுவும் முறை பற்றிப் பரீட்சை எழுதினார். தொண்ணூற்றாறு மார்க். மீதி நாலு எங்கே என்று ஆசிரியையோடு சண்டை.

ஜூலை 9, செவ்வாய்

உறையைக் கொடுத்தோம். விலையை ஐந்து பேரும் வாயால் சொன்னார்கள். காகிதத்தில் எழுதியது நான் ஒருத்தி, ஒரே ஒரு படி. எழுதும்போது தோன் தாச்சோ எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பு அணைந்திருந்தது.

ஜூலை 16

இன்று உறைகளைப் பிரித்தார்கள். கை ஓடவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இரண்டு மாதமாக இதைத் திறக்கவில்லை. நேரம் இல்லை. டெண்டர் எங்களுக்குக் கிடைத்ததிலிருந்து ஐந்து பேக்கரிக்கும் கணக்கு நான்தான்.

காலையில் பள்ளிச் சமையலறை மேற்பார்வையாளர் போன் செய்தார். நாளைக்கு மூன்று பள்ளிகள் அரை நாளாம், எண்ணூறு பொலீயோ குறைத்து அனுப்பச் சொன்னார். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டாமா? மாவு கலந்த பிறகு சொன்னால் அதை எந்த வாயில் போடுவது? இரண்டு நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, பக்கம் ஆறு, வாசித்துக் காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நானூறுக்கு ஒத்துக்கொண்டேன்.

சபையில் எஸ்கமீயா இன்னும் தலைவர். லொசானோ ஹூஸ்டனில் பெரிய வேலைக்குப் போய்விட்டார். பதவி உயர்வாம். எழுதும்போதே பேனா காகிதத்தைக் கிழிக்கிறது, போகட்டும்.

மதியம் கணக்கெடுப்புக்காகத் தோன் தாச்சோ கடையில் இருந்தேன். அவர் போன் அடித்தது. மாவுக் கையோடு எடுத்தார். பாலத்துக்குப் பக்கத்து மாவட்டப் பள்ளிகள், அடுத்த வருஷத்துக்கு விலை விசாரிக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

'விலையா? எனக்குத் தெரியாதுங்க' என்றார். 'அதெல்லாம் எங்க ஒதிலியாகிட்டதான் இருக்கு. இருங்க, இங்கதான் இருக்கா.'

போனை என் பக்கம் நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை. மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.